மண்ணறிந்து கட்டுவோம்

ஒரு கட்டடத்திற்கு ஒப்பந்தம் எழுதும்போது அதில் என்னென்ன எழுதுகிறார்கள் என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? செங்கல் எவ்வளவு வெந்திருக்க வேண்டும், ஒரு பங்கு சிமெண்டுக்கு மணல் எத்தனை பங்கு, கம்பியின் கனம் என்ன, கதவு எந்த மரத்தில் அமைய வேண்டும், சுவருக்கு எத்தனை முறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். நல்லதுதான். ஆனால் இவ்வளவையும் தன் தலைமேல் சுமக்கப் போகிற நிலத்தைப் பற்றி அதில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும். “ஒப்பந்தக்காரர் இடத்தை நேரில் பார்த்து அதன் தன்மையை அறிந்துகொண்டார்” என்பதே அந்த வரி.

அவர் பார்த்தது எதை? புல் முளைத்த மேல்மண்ணை. கட்டடம் நிற்கப் போவது எதன்மேல்? ஐந்தடிக்கும் பத்தடிக்கும் கீழே, எவர் கண்ணிலும் படாமல் கிடக்கும் அடிமண்ணின்மேல். பாராததைப் பார்த்ததாக எழுதிக் கையொப்பம் இடுவது நம் நாட்டில் நெடுநாளாக நடந்து வருகிறது. கட்டட ஒப்பந்தம் என்றால் மண் ஆய்வும் அதன் ஓர் அங்கம் என்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அந்த ஆய்வைச் செய்யும் கடமை முதலில் கட்டுவிப்பவருடையது. இதுவே இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி. நான் பொறியாளன் அல்லன். பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனினும் கட்டடங்களுக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில் இதைப் பேசுகிறேன்.

முதலில் நாம் வாழும் கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மலையடிவாரம் வரை செல்லும் சாலையில் நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். ஒரு புறம் ஏல மலை. மறுபுறம் மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவே முல்லையாறு ஓடுகிறது. ஆற்றை ஒட்டி நெல் விளையும் வண்டல். சற்று மேட்டில் திராட்சைப் பந்தல் நிற்கும் செம்மண். ஆங்காங்கே திட்டுத் திட்டாகக் கரிசல். மலையடிவாரத்தில் ஓடைகள் உருட்டிக் கொண்டுவந்து கொட்டிய கல்லும் சரளையும். ஒரு கல் தொலைவுக்குள்ளேயே நிலம் நான்கு நிறம் காட்டும். மேலே இவ்வளவு வேறுபாடு என்றால் கீழே எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மலையடிவார மண்ணில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. வானம் தோண்டும்போது கடப்பாரை ‘ணங்’ என்று ஒலிக்கும். “பாறை வந்துவிட்டது, இனிக் கவலையில்லை” என்று மேஸ்திரி மகிழ்வார். அது பாறையாகவே இருக்கலாம். அல்லது, என்றோ ஒரு பெருவெள்ளத்தில் மலையிலிருந்து உருண்டு வந்து மண்ணுக்குள் புதைந்துபோன தனிக் கல்லாகவும் இருக்கலாம். அதற்கு அடியில் மீண்டும் இளகிய மண் இருக்கும். கல்லைப் பாறை என்று நம்பித் தூணை அதன்மேல் நிறுத்தினால், அடுத்த தூண் மண்ணின்மேல் நிற்கும். ஒன்று அசையாது, மற்றொன்று இறங்கும். இடையில் உள்ள சுவர் வெடிக்கும்.

கரிசலின் குணம் வேறு. மழை பெய்தால் அது நீரைக் குடித்துப் பருக்கும். கோடையில் சுருங்கி வாய் பிளக்கும். மாடு கன்றுகள் கால் வைக்க அஞ்சும் அளவுக்கு வெடிப்பு விடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அந்த மண்ணின்மேல் ஆழமில்லாத அடித்தளம் இட்டால், வீடும் அதனோடு ஏறி இறங்கும். இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஈரம் மாறாத ஆழம் வரை, பொதுவாக மூன்றரை மீட்டர் அளவுக்குத் துளையிட்டு, அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களை வார்த்து, அவற்றின்மேல் கட்டுவார்கள். நம் நாட்டில் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையை வளர்த்துப் பரப்பியது. ஆனால் கீழே இருப்பது கரிசல் என்று முன்னரே தெரிந்தால்தானே இந்தத் தீர்வைத் திட்டத்தில் எழுத முடியும்? வானம் தோண்டிய பிறகு தெரிந்தால் அது தகராறாகத்தான் முடியும்.

தகராறு என்று சொன்னேன். இங்கே ஒரு வேடிக்கை. படித்தவர்கள் எழுதும் பெரிய ஒப்பந்தங்களில் இல்லாத ஒரு தெளிவு, நம் ஊர்க் கிணறு வெட்டும் ஒப்பந்தத்தில் உண்டு. கிணறு வெட்ட வருபவர் என்ன பேசுவார்? “ஐயா, மண்ணுக்கு ஒரு கூலி, சரளைக்கு ஒரு கூலி, பாறை வந்தால் தமர் அடித்து வெடி வைக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி” என்பார். நிலத்துக்காரரும் ஒப்புக்கொள்வார். இருவருக்கும் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாது என்பதை இருவரும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, எது வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள். எழுத்து இல்லை, முத்திரை இல்லை; நீதி இருக்கிறது. இன்று ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்களும் அடிக்கு இவ்வளவு என்றும், ஆழம் போகப் போக விலை ஏறும் என்றும், மண் சரியாமல் இறக்கும் குழாய்க்குத் தனி விலை என்றும் பேசித்தான் எந்திரத்தை இறக்குகிறார்கள். நம் பாட்டனார்கள் கிணற்றுக்குக் கையாண்ட அறிவை நாம் கட்டடத்திற்கு மறந்துவிட்டோம்.

மறந்ததனால் என்ன நேர்கிறது என்பதற்கு நான் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். நான் இளம் உதவி ஆசிரியனாக இருந்த காலம். இப்பள்ளத்தாக்கின் ஒரு சிற்றூரில், ஊரார் திரட்டிய பணமும் பிற உதவியும் கொண்டு பள்ளிக்கு மூன்று வகுப்பறைகள் கட்ட ஏற்பாடாயிற்று. மொத்தமாக ஒரு தொகைக்கு ஒப்பந்தம். அடித்தளம் நான்கு அடி என்று வரைபடத்தில் எழுதியிருந்தது. கிழக்குப் புறம் தோண்டினார்கள். நான்கு அடியில் நல்ல சரளை. மேற்குப் புறம் தோண்டினார்கள்; நான்கு அடியில் களிமண், ஆறு அடியிலும் களிமண், எட்டு அடியில் நீர் ஊறியது. வேலை நின்றது. “ஒப்பந்தத்தில் நான்கு அடிதான், மேற்கொண்டு தோண்டினால் கூடுதல் பணம் வேண்டும்” என்றார் ஒப்பந்தக்காரர். “இடத்தைப் பார்த்ததாகக் கையொப்பம் இட்டிருக்கிறீர்களே” என்றது கட்டடக் குழு. இரண்டு பேர் சொன்னதும் எழுத்தின்படி சரிதான். அதுதான் துன்பம்.

அப்போது ஆடு ஓட்டிக்கொண்டு அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பழைய ஊருணி ஆயிற்றே! எங்கள் தகப்பனார் காலத்தில் இங்கேதான் மாடு குளிப்பாட்டுவார்கள். பிறகு மண் கொட்டித் தூர்த்துவிட்டார்கள்” என்றார். “இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா, தாத்தா?” என்று மேஸ்திரி கேட்டார். “என்னை யார் கேட்டார்கள்?” என்றார் அவர். கேட்டிருந்தால் ஒரு வாய்ச்சொல்லில் கிடைத்திருக்கும் செய்தி அது. ஓர் ஆள் ஒரு நாள் குழி தோண்டியிருந்தாலும் கிடைத்திருக்கும். கேளாததனாலும் தோண்டாததனாலும் இரண்டு மழைக்காலம் கழிந்தது. அந்த இரண்டு மழைக்காலமும் மூன்று வகுப்புப் பிள்ளைகள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படித்தார்கள். திருவிழா நாட்களில் அதுவும் இல்லை. கடைசியில் இரு தரப்பும் இறங்கி வந்து செலவைப் பங்கிட்டுக்கொண்டு கட்டடத்தை முடித்தார்கள். ஆனால் அப்பிள்ளைகள் இழந்த நாட்களை யார் பங்கிட்டுக் கொடுப்பது?

சரி, மண்ணை ஆராய்வது என்றால் என்ன? அது பெரிய மந்திர வித்தையா? இல்லை. நான்கு படிகளாக அதைக் காணலாம்.

முதற்படி, விசாரித்தல். பழைய வரைபடங்கள், கிராமக் கணக்குகள், அருகிலுள்ள கிணறுகள், ஊர் முதியவர்களின் நினைவு ஆகியவை இதில் அடங்கும். இதற்குச் செருப்புத் தேய்வதைத் தவிர வேறு செலவில்லை.

இரண்டாம் படி, குழி தோண்டியும் துளையிட்டும் பார்த்தல். நிலத்தடி ஆய்வுக்கு இந்தியத் தர நிறுவனம் 1962ஆம் ஆண்டிலேயே ஒரு நெறிமுறையை வெளியிட்டது. அதன் எண் 1892. பின்னர் அது திருத்தப்பட்டும் வந்துள்ளது. ஏறத்தாழ ஓர் ஏக்கர் பரப்புள்ள மனையில் பெரிய கட்டடம் கட்டுவதானால், நான்கு மூலைகளில் நான்கும் நடுவில் ஒன்றுமாக ஐந்து இடங்களில் பார்ப்பது அந்நெறி. சிறிய கட்டடமானால் நடுவில் ஒன்று போதும். ஆழம் எவ்வளவு? அடித்தளத்தின் அகலம் எவ்வளவோ அதைப்போல் ஒன்றரை மடங்கு ஆழம், அடித்தள மட்டத்திற்குக் கீழே பார்க்க வேண்டும் என்பது பொது விதி. கட்டடத்தின் பாரம் அந்த ஆழம் வரை மண்ணை அழுத்தும் என்பதே காரணம்.

மூன்றாம் படி, மண்ணின் வலிமையை அளத்தல். துளைக்குள் ஒரு கனத்த குழாயை இறக்கி, 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து அதன் தலையில் விழச் செய்வார்கள். முதல் 15 செண்டிமீட்டரைக் கணக்கில் கொள்ளாமல், அடுத்த 30 செண்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணுவார்கள். ஐந்து அடியில் இறங்கினால் மண் மெலிந்தது. ஐம்பது அடிக்கும் அசையாவிட்டால் மண் மிகக் கெட்டியானது. மருத்துவர் நாடி பார்ப்பது போல இது மண்ணுக்கு நாடி பார்ப்பது. உலகெங்கும் இம்முறை வழக்கில் இருக்கிறது.

நான்காம் படி, அங்கிருந்து எடுத்த மண்ணைக் கூடத்தில் சோதித்தல். எவ்வளவு ஈரம் இருக்கிறது, எவ்வளவு பருக்கும், எவ்வளவு அழுங்கும், உப்பு உண்டா என்பவற்றை அங்கே கண்டறிவார்கள். துளையில் நீர் எந்த மட்டத்தில் நின்றது என்பதையும், அதைப் பார்த்த தேதியையும் குறிப்பார்கள். தேதி ஏன்? சித்திரையில் இருபது அடியில் இருக்கும் நீர், ஐப்பசியில் ஐந்தடிக்கு ஏறிவிடலாம் அல்லவா?

இந்தக் கலை முழுமையான அறிவியலாக உருப்பெற்று நூறு ஆண்டுகள்தாம் ஆகின்றன. கார்ல் டெர்சாகி என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1925ஆம் ஆண்டு வெளியிட்ட நூலே மண் இயக்கவியல் என்ற துறைக்கு வித்திட்டது. அதற்கு முன் மனிதர்கள் பட்டறிவை நம்பியே கட்டினார்கள். பட்டறிவு பல இடங்களில் காத்தது; சில இடங்களில் கைவிட்டது. இத்தாலியில் பைசா நகரத்து மணிக்கூண்டு 1173ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மூன்றாம் அடுக்கு எழும்போதே அது சாயலாயிற்று. கீழே இருந்தது மென்மையான களிமண். 1990ஆம் ஆண்டு மக்கள் ஏறுவதைத் தடைசெய்து, சாய்வுக்கு எதிர்ப்புறத்திலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றிச் சாய்வைக் குறைத்து, 2001ஆம் ஆண்டு மீண்டும் திறந்தார்கள். உலகம் அதை வியந்து பார்க்கிறது. நம் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ அப்படிச் சாய்ந்தால் நாம் வியந்துகொண்டிருக்க முடியுமா?

நம் பள்ளத்தாக்கின் வாழ்வே நிலத்தடி அறிவின்மேல் நிற்கிறது என்பதையும் நீங்கள் மறக்கலாகாது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. 1808ஆம் ஆண்டு மலையேறி ஆராய்ந்த கால்டுவெல் என்ற அதிகாரி, இது நடவாத கனவு என்று எழுதினார். பல பத்தாண்டுகள் பலர் மீண்டும் மீண்டும் அளந்தார்கள், ஆராய்ந்தார்கள். பென்னிகுயிக் பொறுப்பில் 1887ஆம் ஆண்டு தொடங்கிய வேலை, வெள்ளத்தையும் காய்ச்சலையும் தாண்டி 1895ஆம் ஆண்டு நிறைவேறியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த அணை, ஆற்றுப் படுகையின் பாறைமேல் எழுந்தது. மலை முகட்டைக் குடைந்து ஒரு மைலுக்கும் சற்று மிகுதியான நீளத்தில் சுரங்கம் அமைத்தார்கள். அச்சுரங்கத்தின் வழியே வரும் நீர்தான் நம் வயல்களில் பாய்ந்து, வைகையோடு கலந்து மதுரைக்கும் அப்பால் செல்கிறது. எண்பது ஆண்டுகள் ஆராய்ந்து எட்டு ஆண்டுகளில் கட்டினார்கள். நாமோ எட்டு நாள் ஆராய மனமின்றி, எட்டு ஆண்டுகள் வழக்காடுகிறோம்.

நம் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தின் அருகே, நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க இடம் தெரிவு செய்யப்பட்டதை அறிவீர்கள். ஏன் அந்த மலை? அங்கே சார்னோக்கைட் என்னும் கெட்டியான பாறை தலைக்குமேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாக அமையும் என்பதே காரணம். மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் அமைக்கும் அத்திட்டத்திற்கு 2015ஆம் ஆண்டு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. அவற்றின் நியாயங்களை எடைபோட நான் இங்கே வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெடி வைத்தால் பாறை என்ன ஆகும், ஊற்று என்ன ஆகும், அணைகள் என்ன ஆகும் என்று உழவர்கள் கேட்டார்கள். கேட்டவை எல்லாம் நிலத்தடியைப் பற்றிய கேள்விகள். அப்படிக் கேட்பது குடிமக்களின் உரிமை; ஆராய்ந்து விடை கூறுவது திட்டமிடுவோர் கடமை.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இரண்டு பழைய வழக்குகளைக் கூறுகிறேன், கதைபோலக் கேளுங்கள்.

இலண்டன் மாநகரில் பிளாக்பிரயர்ஸ் என்ற பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்ட, தார்ன் என்ற ஒப்பந்தக்காரர் முன்வந்தார். ஆற்றுக்குள் இரும்புக் கூண்டுகளை இறக்கி அவற்றுக்குள் வேலை செய்ய வேண்டும் என்று நகராட்சியின் பொறியாளர் வரைந்து கொடுத்திருந்தார். அக்கூண்டுகள் நீரின் அழுத்தத்தைத் தாங்கவில்லை. வேறு வழியில் வேலையை முடிக்க அவருக்குப் பெருஞ்செலவு ஆயிற்று. வழக்கிட்டார். 1876ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை, “வரைபடம் நிறைவேறத்தக்கது என்று நகராட்சி உறுதி கூறவில்லை, நீர்தான் ஆராய்ந்திருக்க வேண்டும்” என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாவது வழக்கு அமெரிக்காவில் நடந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் கப்பல் பழுதுபார்க்கும் துறை ஒன்றைக் கட்ட ஸ்பியரின் என்பவர் ஒப்பந்தம் செய்தார். அங்கே நிலத்தடியில் சென்ற கழிவுநீர்க் கால்வாயை அரசு கொடுத்த வரைபடப்படியே மாற்றிக் கட்டினார். பெருமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்த ஒரு நாளில் அது உடைந்து, தோண்டிய பள்ளமெல்லாம் நீர். பின்னர் ஆராய்ந்தபோது, அருகிலிருந்த இன்னொரு கால்வாய்க்குள் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது தெரிந்தது. வரைபடத்தில் அது இல்லை. அக்கால்வாய்கள் முன்பே பொங்கி வழிந்ததுண்டு என்பதை அரசு அறிந்திருந்தும் அவரிடம் சொல்லவில்லை. 1918ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இடத்தைப் பார்த்துக்கொள் என்று பொதுவாக எழுதி வைப்பதனால் மட்டும் வரைபடம் கொடுத்தவரின் பொறுப்பு நீங்காது என்று கூறி, ஒப்பந்தக்காரர் பக்கம் தீர்த்தது.

இரு தீர்ப்புகளுக்கும் நடுவே நாற்பத்திரண்டு ஆண்டுகள். அறிவு இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்க வேண்டும் என்ற நெறி அதற்குள் வளர்ந்தது. இன்று உலகில் பரவலாக வழங்கும் ஃபிடிக் என்னும் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தம், 1999ஆம் ஆண்டுப் பதிப்பில், கட்டுவிப்பவர் தம்மிடமுள்ள நிலத்தடிச் செய்திகள் அனைத்தையும் ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டும் என்கிறது. அனுபவமுள்ள ஒருவரும் எதிர்பார்க்க முடியாத நிலை கீழே தென்பட்டால், அதை அறிவித்துக் கூடுதல் காலமும் செலவும் கோரலாம் என்றும் சொல்கிறது. நம் கிணற்றுக்காரர் பேசியதும் இதுதானே!

“இதனால் செலவு கூடுமே” என்று சிலர் சொல்வார்கள். பெரிய வேலைகளில் மண் ஆய்வுக்கு ஆகும் செலவு, மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாமலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். ஆய்வு இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஒப்பந்தப்புள்ளி தருபவர்களில் எச்சரிக்கையானவர், கீழே பாறை இருந்தாலும் இருக்கும் என்று அஞ்சி விலையைக் கூட்டிப் போடுவார். துணிந்தவர் குறைத்துப் போட்டு வேலையைப் பிடிப்பார். பாறை வந்ததும் வழக்காடுவார், அல்லது கம்பியிலும் சிமெண்டிலும் அந்த நட்டத்தை ஈடு கட்டுவார். இரண்டிலும் இழப்பவர் மக்கள்தாம். ஐந்து பேர் புள்ளி தருகிறார்கள் என்றால், ஐந்து பேரும் தனித்தனியே துளையிடுவது ஐந்து மடங்கு வீண் அல்லவா? கட்டுவிப்பவர் ஒரு முறை ஆராய்ந்து, ஐவருக்கும் ஒரே செய்தியைக் கொடுத்தால் போட்டியும் நேர்மையாகும்.

“ஆராய்ந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?” என்பது இன்னொரு கேள்வி. தெரிந்துவிடாது. இரண்டு துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது ஊகமே. சென்னையில் மெட்ரோ இரயிலுக்குச் சுரங்கம் தோண்டும்போது, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், அண்ணா சாலையில் திடீரென்று தரை இறங்கி ஒரு பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் அமிழ்ந்தன. நல்லூழாக உயிர்ச்சேதம் இல்லை. வல்லுநர்கள் ஈடுபட்ட பெரும்பணியிலும் மண் இப்படி எதிர்பாராதது காட்டும். ஆகவேதான் ஆய்வும் வேண்டும். ஆய்வை மீறி ஒன்று நேர்ந்தால் யார் என்ன செய்வது என்ற விதியும் ஒப்பந்தத்தில் வேண்டும்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தொகுத்துச் சொல்கிறேன். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே மண் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். அதன் அறிக்கை முழுவதும், துளையிட்ட இடங்களின் வரைபடத்தோடு, புள்ளி தருவோர் அனைவருக்கும் கிடைக்க வேண்டும். மண், சரளை, மென்பாறை, வன்பாறை என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை குறிக்க வேண்டும். அறிக்கைக்கு மாறான நிலத்தைக் கண்டால் உடனே வேலையை நிறுத்தி அறிவிக்க வேண்டும். இருவரும் கூடிப் பார்த்து அளந்து எழுத வேண்டும். பள்ளத்தை மூடுமுன் பொறியாளர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். மூடிய பிறகு எழுதும் சாட்சி சாட்சியாகாது.

இவையெல்லாம் பணக் கணக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடியும் தறுவாயிலிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் அங்கே கூலி வேலை செய்துகொண்டிருந்தவர்கள். பிழைப்புத் தேடி வேற்று மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் பலர். கட்டடத்தின் அமைப்பும் அது நின்ற மண்ணும் விசாரணையில் கேள்விக்கு உள்ளாயின. அருகில் நின்ற மற்றொரு கட்டடத்தையும் 2016ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், பதிவு பெற்ற வல்லுநர்களின் வரிசையில் மண் ஆய்வுப் பொறியாளருக்கும் இடம் தந்துள்ளன. நல்ல தொடக்கம். ஆனால் விதி ஏட்டில் இருந்தால் போதாது. துளை மண்ணில் இறங்க வேண்டும். நான்கு பக்க அறிக்கையை மேசையிலிருந்தே எழுதி, பக்கத்து மனையின் எண்களை இங்கே பெயர்த்து ஒட்டுவது ஆய்வு அல்ல, அது வஞ்சகம்.

மாணவர்களே, உங்களில் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் வழக்கறிஞர் ஆவீர்கள். சிலர் ஊராட்சித் தலைவர்களாக இருந்து ஒப்பந்தங்களில் கையொப்பம் இடுவீர்கள். எல்லோரும் என்றேனும் ஒரு வீட்டில் குடியிருப்பீர்கள். இப்போதே நீங்கள் செய்யத்தக்க ஒன்றுண்டு. உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போதும் ஆழ்துளை போடும்போதும் அருகே சென்று நில்லுங்கள். எத்தனை அடி வரை செம்மண், எத்தனை அடியில் சரளை, எங்கே பாறை, எங்கே நீர் என்று ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள். தூர்ந்துபோன ஊருணி எது, திசை மாறிய ஓடை எது என்று முதியவர்களைக் கேட்டு எழுதுங்கள். பத்து மாணவர்கள் பத்து ஆண்டுகள் இதைச் செய்தால், உங்கள் ஊரின் நிலத்தடிக்கு ஒரு வரைபடம் கிடைக்கும். பொறியாளரின் ஆய்வுக்கு அது ஈடாகாது. ஆனால் எங்கே துளையிட வேண்டும் என்பதை அவருக்குக் காட்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. நீரில் கால் விடுபவன் தான் ஒருவனே நனைவான். ஆழம் அறியாமல் கட்டடத்தின் காலை மண்ணில் விடுபவனோ, அதற்குள் வாழப் போகும் அத்தனை பேரையும் தன்னோடு இறக்குகிறான். ஆதலால் விலை பேசுமுன் மண்ணைக் கேளுங்கள். மண் சொன்னதை மறைக்காமல் எழுதுங்கள். எழுதியதற்கு மாறாக மண் நடந்தால், அதன் பாரத்தை நேர்மையாகப் பங்கிடுங்கள்.